திருப்பிப்போட்ட இசைத்தட்டு

மூன்று கிழமையாக அந்தப் பாட்டு வரக்கூடாது, வரக்கூடாது என்று பிள்ளையாரிடம் மன்றாடிய ரதிதேவி, இன்றைக்கு மட்டும் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று மன்றாடினாள். பிள்ளையார்தான் பாவம், எதைக் கேட்பார்? பழைய வேண்டுதலையே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வழக்கமாகப் பாட்டு வருகிற நேரம் வந்தது, போனது, போய் வெகு நேரமும் ஆகிவிட்டது. வீடு கம்மென்று கிடந்தது.

ஆக்லாந்து லின்ஃபீல்டில் சரிவில் கட்டிய வீடு அது. ரதிதேவியின் படுக்கையறைக்கு நேர் கீழே கராஜ். அந்தப் படுக்கையறையில் சாப்பாட்டு மேசைக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பங்கஜம். மதுரைக்காரி. காப்புறுதிக் கம்பெனியில் இருந்துகொண்டு, எரியாத கடைக்கு நஷ்ட ஈடு கேட்டவர்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். மற்றவன் அவளுடைய உதவியாள் கௌசிகன். முந்தி பஸ் ஓட்டியவன். நாற்பது வயதுக்குள் தலைமுடி எல்லாம் இறங்கிப் போய்விட்டது, வாய் மட்டும் இன்னும் இறங்க மனமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

“அக்கா, ஆவிக்கும் இண்டைக்குச் சிக் லீவோ?” என்றான் கௌசிகன்.

ரதிதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு வந்தால் செத்துப்போன புருஷன் பாடுகிறான். வராவிட்டால் அவளுக்கு மண்டை பிசகிவிட்டது. இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள், பாவம்.

கதவடியில் சுகந்தினி நின்றாள். ரதிதேவியின் மைத்துனன் சஞ்சீவனுடைய மனைவி. ரதிதேவியின் புருஷன் இராசரத்தினம் செத்த நாள் முதல் புருஷனும் பெண்சாதியும் துணைக்கென்று வந்து இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிற வேலை சுகந்தினிக்கு. இப்போதும் கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. அவள் ரதிதேவியின் தோளை மெல்லத் தடவிவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குப் போனாள். அந்தத் தடவலில் இருந்த இரக்கம்தான் ரதிதேவியை உலுக்கியது. முதியோர் இல்லத்தில் அவளும் இப்படித்தானே தடவுவாள், பெயர் மறந்துபோன கிழவிகளை!

அவளுக்கு வேலை அங்கேதான். நினைவு தப்பியவர்கள் இருக்கிற பகுதிக்கு ஒரு கதவு உண்டு. நம்பர் அடித்தால்தான் திறக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நம்பர் தெரியாது. வருகிற வியாழக்கிழமை ரதிதேவியின் நினைவைச் சோதிக்க டாக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறார்கள். சோதனையில் அவள் தவறினால் வேலை போகும். வீட்டைப் பற்றி முடிவெடுக்கிற உரிமை சஞ்சீவன் குடும்பத்தின் கைக்குப் போகும். பிறகு ஒருநாள் அந்தக் கதவுக்கு உள்பக்கத்தில் அவளே நிற்பாள். இந்த ஒரு நினைப்பில் அவள் இராத்திரி இராத்திரியாகக் குலைநடுங்கிக் கிடந்தாள்.

பங்கஜம் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லச் சொன்னாள். ரதிதேவி சொன்னாள்.

ஐம்பதுகளில், ராக் அண்ட் ரோல் என்ற சங்கதி கண் விழித்த காலத்தில், டெக்ஸ் ஹாலரன் என்று ஒரு அமெரிக்கன் பாடினான். ஸ்டூடியோவில் உட்கார்ந்து அவன் போட்டது ஒரே ஒரு ஆல்பம், ‘டின் ரூஃப் ராக்’. இராசரத்தினம் அதை அவொண்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினார். தட்டைப் போட்டுக் கேட்க அப்போது வீட்டில் பெட்டிகூட இல்லை. அதற்கும் பிறகு ஒன்றைத் தேடிப்பிடித்துக் கராஜில் வைத்தார். யாருடைய பிறந்தநாள் என்றாலும் சாப்பாடு முடிந்ததும் இடுப்பை வெட்டி வெட்டி ஒரு பாட்டுப் பாடுவார். கதவைப் பூட்டாதே பெட்டை, நான் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்று காதலியிடம் கெஞ்சுகிற பாட்டு. சொந்தக்காரர் எல்லோருக்கும் அது அவருடைய பாட்டு. மார்ச்சில் ஒரு நாள் கராஜுக்குள் புதுச் சுவருக்கு அடித்த ஜிப் என்கிற சுண்ணாம்புப் பலகையை உரசிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். மாரடைப்பு. மேசையில் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் ரதிதேவி கராஜைப் பூட்டினாள். ஒரு கிழமை போகவில்லை, மத்தியானம் வேலைக்குப் போகுமுன் அவள் சாய்ந்து கிடக்கிற நேரமாகப் பார்த்து, கட்டிலுக்குக் கீழே அந்தப் பாட்டுக் கிளம்பியது. கதவைப் பூட்டாதே, நான் வந்துகொண்டிருக்கிறேன்.

ஓடிப்போய் கராஜைத் திறந்தால் எல்லாம் நின்றிருக்கும். உள்ளே கால் வைக்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. முன்னறையில் வேலை செய்கிற சுகந்தினியை ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துவந்து இதே அறையில் நிறுத்தினாளாம். அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தாள். இல்லை அக்கா, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகைக்குப் பிறகுதான் ரதிதேவிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

“உங்க மைத்துனர் என்ன சொல்றார்?” என்று கேட்டாள் பங்கஜம்.

“அவன் கத்துவான். அண்ணிக்கு மண்டை கழண்டிட்டுது, வீட்டை வித்துப்போட்டு ஒரு ஹோமில விடவேணும் எண்டு என்ர முகத்துக்கு நேரேயே சொன்னவன்.”

“கராஜ் சாவி?”

“ஒண்டு என்னட்ட. மற்றது அவன்ட கொத்தில.”

பங்கஜம் எழுந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் குசினிக்குப் பக்கத்துப் படியால் இறங்கினார்கள். ரதிதேவி பூட்டில் சாவியைப் போட்டாள். கதவு திறந்ததும் பெயிண்ட் வாசமும் பழைய அட்டை வாசமும் முகத்தில் அடித்தன. ரதிதேவி தன்னை அறியாமலே செருப்பை வாசலில் கழற்றினாள்.

பங்கஜம் அதைப் பார்த்தாள். கராஜுக்கு எதற்குச் செருப்பைக் கழற்றுகிறீர்கள் என்று கேட்டாள். ரதிதேவி சுவரைக் காட்டினாள். பாட்டுப் பெட்டிக்கு மேலே பெரிய சரஸ்வதி படம். இசை இருக்கிற இடம் என்று இராசரத்தினம் மாட்டியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் செருப்போடு உள்ளே வந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். குடும்பம் முழுவதுக்கும் பழகிப்போய்விட்டது.

“ஆக்லாந்தில கராஜுக்கு வெளியில செருப்புக் கழட்டுற ஒரே வீடு,” என்றான் கௌசிகன். “காரும் டயரைக் கழட்டிப்போட்டோ வரும்?”

பங்கஜம் அவனைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தாள். ஜிப் பலகை உரசிய வெள்ளைத் தூள் சீமெந்துத் தரையெங்கும் மாவு தூவினதுபோல் படிந்திருந்தது. அவர் போன நாளுக்குப் பிறகு யாரும் கூட்டவில்லை. வாசலிலிருந்து நடுவரைக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுடைய பூட்ஸ் அடையாளங்கள். அவற்றுக்கு மேலே, சுவரோரமாகப் பாட்டுப் பெட்டிவரை, வெறுங்கால் தடங்கள். ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தன.

ரதிதேவி கண்ணை இறுக்கிக்கொண்டாள். அவர் விழுந்து கிடந்ததும் வெறுங்காலோடுதான்.

“கண்ணை மூடாதீங்க,” என்றாள் பங்கஜம். “போன மனுஷனுக்கு எடை கிடையாது. எடை இல்லாம தூள்ல தடம் விழாது. சரி, அவர் இறந்த அன்னிக்கு ஊசியைத் தூக்கினது யாரு?”

ஆம்புலன்ஸ் வருமுன்பே தானே தூக்கியதாகச் சொன்னாள் ரதிதேவி. அதற்குப் பிறகு தட்டை யாரும் தொடவில்லை. அன்றைக்கு மேலே எந்தப் பக்கம் இருந்தது என்று பங்கஜம் கேட்டாள். ரதிதேவிக்கு அது மறக்குமா? மஞ்சள் லேபிள். டெக்ஸ் ஹாலரன் பல்லைக் காட்டிக்கொண்டு சிரிக்கிற படம் போட்ட முதல் பக்கம். புருஷன் தரையில் கிடக்க, அந்தச் சிரிப்புத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

கௌசிகன் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினான். தட்டின் நடுவில் பச்சை லேபிள் இருந்தது.

இரண்டாம் பக்கம். அதில் முதல் பாட்டே கதவைப் பூட்டாதே பாட்டுத்தான்.

கௌசிகன் பச்சை லேபிளை விரலால் காட்டினான். “மின்சாரம் வந்தா இந்தப் பெட்டி தானாவே ஊசியை வைக்கும் அக்கா, பழைய ஆட்டோமெட்டிக். ஆனா தட்டைப் பிரட்டிப் போட அதுக்குக் கை இல்லை. நான் பயந்த ஆவியள் ஒண்டுக்கும் கை இருந்ததா ஞாபகம் இல்லை.”

பங்கஜம் பிளக் செருகுகிற இடத்தைக் காட்டினாள். சுவரெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்க, அந்த இடத்தைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அளவு சதுரமாகச் சுத்தமாக இருந்தது. அங்கே ஒரு கட்டையான சாமான் வெகு நாளாக மாட்டியிருந்திருக்கிறது. இப்போது இல்லை. ரதிதேவிக்குச் சட்டென்று நினைவு வந்தது. தெருவில் நகைக் கள்ளர் திரிந்த காலத்தில், வீட்டில் ஆள் இருக்கிறதுபோல் ரேடியோ தானே பாடட்டும் என்று இராசரத்தினம் ஒரு டைமர் வாங்கினார். குறித்த நேரத்துக்கு மின்சாரத்தைக் கொடுத்து, குறித்த நேரத்துக்கு நிறுத்துகிற பெட்டி. கள்ளரைப் பயங்காட்ட வாங்கியது.

“நேத்து வரைக்கும் பாட்டு வந்திருக்கு,” என்றாள் பங்கஜம். “அப்ப அதைக் கழட்டினது நாங்க வர்றோம்னு தெரிஞ்ச பிறகு. நாங்க வர்றது யாருக்குத் தெரியும்?”

நேற்று இராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன் என்றாள் ரதிதேவி. சஞ்சீவன். சாவி வைத்திருப்பவன். வீட்டை விற்கச் சொன்னவன். அவளைப் பார்த்துக் கத்துகிறவன் இந்தத் தூளில் வெறுங்காலோடு நடந்து வந்து, அண்ணனுடைய பாட்டையே எடுத்து அண்ணிக்குப் பேய் காட்டியிருக்கிறான். இன்று பின்னேரம் அவன் வந்துவிடுவான். அதே மேசையில் அவனுக்குச் சோறு போட வேண்டும்.

“இண்டைக்கு இரவு நான் இஞ்ச இருக்கமாட்டன்,” என்றாள்.

“ரதி, பயப்படாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். பயப்பட வேண்டிய விஷயம்தான் இது. ஆனா உங்க மூளை நல்லா இருக்கு. பாட்டு நிஜம். அதை முதல்ல பிடிச்சுக்குங்க.”

ரதிதேவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று கிழமையாக ஒருவர்கூட அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பங்கஜம் குந்தியிருந்து ஒரு தடத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு போனில் படம் பிடித்தாள், பெருவிரலுக்கு அடுத்த விரலை மட்டும் கிட்டப் பிடித்து. சஞ்சீவன் எப்படி வேலைக்குப் போகிறான் என்று எழும்பாமலே கேட்டாள். விரி என்கிற இடத்தில் வேர்ஹவுஸ் வேலை, கூட வேலை செய்கிற ஒருவனுடைய வான் வண்டியில்தான் போகிறான் என்றாள் ரதிதேவி. அவனுடைய சாவிக்கொத்து பகல் முழுக்க வாசலில் ஆணியில் தொங்கும். பங்கஜம் “ம்” என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் திட்டத்தைச் சொன்னாள். பின்னேரம் மைத்துனன் வந்ததும் கௌசிகன் கீழே பாட்டைப் போடுவான். மேலே இருப்பவர்கள் கேட்காததுபோல் இருக்க வேண்டும். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. யார் என்ன கேட்டாலும், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ரதிதேவியால் முடியுமோ என்று பார்க்க இப்போதே ஒரு ஒத்திகை.

“மேடம், பத்து வருஷம் பஸ் ஓட்டினனான். பின்னால சனம் கத்திறது கேக்காத மாதிரி இருக்கிறது நான் படிப்பிக்கவேண்டிய பாடம். என்னைப் போய்க் கீழ விடுறீங்கள்,” என்று முணுமுணுத்துக்கொண்டு கௌசிகன் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

மேலே வந்தார்கள். உதவியாள் சிகரெட் வாங்கத் தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போயிருக்கிறான் என்றாள் பங்கஜம். தேத்தண்ணியை இந்த அறைக்கே கொண்டுவரச் சொன்னாள். சுகந்தினி தட்டத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து கட்டிலில் ரதிதேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் அகப்படவில்லை, தட்டுமுட்டுச் சாமான்தான் கிடக்கிறது என்று பங்கஜம் சலித்துக்கொண்டாள்.

“நான் அப்பவே சொன்னனான் அக்கா,” என்றாள் சுகந்தினி. ரதிதேவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “வியாழக்கிழமை டாக்டர் என்ன சொல்லுறாரோ பாப்பம். நான் உங்களோட வருவன்.”

அப்போது கீழே பாட்டுக் கிளம்பியது.

சொல்லி வைத்துப் போடுகிற பாட்டுத்தான். வாளியில் உட்கார்ந்திருக்கிற வழுக்கைத் தலையன்தான் போடுகிறான். தெரிந்தும் ரதிதேவியின் முதுகுத்தண்டில் வியர்வை வழிந்தது. கிற்றார் கட்டிலைத் தட்டியது. டெக்ஸ் ஹாலரன் கெஞ்சத் தொடங்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரோல்ஸைப் பிய்த்தாள். பங்கஜம் மழையைப் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணி நல்லா இருக்கு, இஞ்சி போட்டீங்களா என்று கேட்டாள்.

ரதிதேவியின் கையைப் பிடித்திருந்த சுகந்தினியின் விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்தன. ரதிதேவி திரும்பிப் பார்த்தாள். சுகந்தினியின் உதட்டில் இரத்தமே இல்லை. ஒரு கை கார்டிகன் பைக்குள் போய் எதையோ பொத்திப் பிடித்திருந்தது. கண் தரையில் குத்தி நின்றது.

“அக்கா,” என்றாள். குரல் கீச்சிட்டது. “உங்களுக்கு… கேக்கேல்லையோ?”

ரதிதேவிக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு இதே அறையில் காது கொடுத்து நின்ற முகம். அழுத அழுகை. தோளைத் தடவிய கை. இராத்திரி பயத்தில் அலறி எழும்பும்போதெல்லாம் ஓடிவந்து பக்கத்தில் படுத்து, அணைத்து நித்திரையாக்கியவள் இவள்தானே. அவளுடைய பிடியிலிருந்து ரதிதேவி தன் கையை உதறவில்லை, பயத்தில் உதறத் தெரியவில்லை. நா மட்டும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியது.

“இல்லை சுகந்தினி. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

சுகந்தினி பங்கஜத்தைப் பார்த்தாள். பங்கஜம் ரோல்ஸைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். கீழே அந்த மனுஷன் நான் வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று பாடினான். சுகந்தினி எழும்பினாள். தேத்தண்ணிக் கோப்பை உருண்டு உடைந்தது. படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

பங்கஜம் ரதிதேவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். கராஜ் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசலில் ரதிதேவியுடைய செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சோடி செருப்பு. பயத்தில் உயிர் போகிறபோதும், ஒன்றையொன்று ஒட்டி, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாள்.

உள்ளே வெள்ளைத் தூளுக்கு நடுவில் சுகந்தினி வெறுங்காலோடு நின்றாள். கையில் டைமர். அது தன் கையில் இருக்கப் பெட்டி எப்படிப் பாடுகிறது என்று அதையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வாளியிலிருந்து கௌசிகன் எழும்பிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“திருடன்னா செருப்போட வருவான்,” என்றாள் பங்கஜம். “இந்தக் குடும்பத்து ஆள்தான் கழட்டிட்டு வருவாங்க. சாவி ஆணியில தொங்குது, வீட்டுல பகல்ல இருக்கிறது நீங்க. அப்புறம் உங்க ரெண்டாவது விரல் தடத்துல குறுக்க ஒரு கோடு விழுந்திருக்கு. உங்க வீட்டுக்காரர் மெட்டி போடுவாரா என்ன?”

எல்லாருடைய கண்களும் அவளுடைய காலுக்குப் போயின. இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி மின்னியது. ரதிதேவி தன்னுடையதை அந்தியேட்டியன்று கழற்றி வைத்துவிட்டாள்.

சுகந்தினி மறுக்கவில்லை. வாடகை வீட்டில் இருந்து இருந்து தனக்கு அலுத்துப்போயிற்று, அக்கா தனி ஆள், இவ்வளவு பெரிய வீடு அவவுக்கு எதற்கு என்றாள். சஞ்சீவனுக்கு இதெல்லாம் தெரியாது, அந்த மனுஷன் உண்மையாகவே அண்ணிக்கு மண்டை வருத்தம் என்று நம்பித்தான் கத்தினவர் என்றும் சொன்னாள். ஏதோ கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்பதுபோல் சொன்னாள். அதுதான் ரதிதேவிக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

கௌசிகன் பிளக்கைப் பிடுங்கப் போனான். ரதிதேவி வேண்டாம் என்று தலையாட்டினாள். இத்தனை நாளில் முதல் தடவையாகத் தூளுக்குள் இறங்கி நடந்து, சுகந்தினியைச் சுற்றிப் போய், ஊசியைத் தானே தூக்கினாள். தட்டைத் திருப்பி மஞ்சள் பக்கம் மேலே வரும்படி வைத்தாள்.

பொலிசைக் கூப்பிடட்டுமா, மைத்துனனைக் கூப்பிடட்டுமா என்று பங்கஜம் கேட்டாள்.

“முதல்ல அந்த டாக்டருக்கு எடுங்கோ,” என்றாள் ரதிதேவி. “வியாழக்கிழமை என்னால வரேலாது எண்டு சொல்லுங்கோ. எனக்கு வேலை இருக்கு.”